பாஸைப் பிடிப்பது எப்படி?

தலைப்பைப் பார்த்ததும் ஆபீஸில் மேஜைக்கடியில் வைத்துப் படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இது அந்த பாஸ் இல்லை சார். அவரைப் பிடிக்கிற வித்தையில் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு நிபுணர் இருக்கிறார். பக்கத்து சீட்டில் பாருங்கள். சீட் காலியாக இருந்தால் அவர் இந்நேரம் பாஸ் அறையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் சொல்வது மீன். அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன் உண்டு. ஏரிகளில் இருக்கும். அதைத் தூண்டிலில் பிடிக்கப் போட்டி, பரிசு, டி.வி. நிகழ்ச்சி என்று அமர்க்களப்படுகிறது. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் ஒன்றைப் பிடித்து அந்த எடையை எட்டினார். நடுவில் 77 வருஷம்! நம்ம ஆபீஸ் பிரமோஷன் எவ்வளவோ பரவாயில்லை.

அந்த பாஸ் நம் ஊரில் கிடையாது. கவலை வேண்டாம், நம்மிடம் கொடுவா இருக்கிறது. இங்கிலீஷில் சீ பாஸ். வங்காளிகளுக்கு பெட்கி, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு பாராமுண்டி. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன்கார அம்மாவிடம் போய் "சீ பாஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பஸ்ஸா? அது ஸ்டாண்டாண்ட போய்க் கேளு" என்று பதில் வரும். பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில்தான்.

இந்த மீனை மெல்லிய நரம்பு, சின்ன ராடு, ஸ்பின்னிங் ரீல் வைத்துப் பிடிக்கிற கலைக்கு ஃபினெஸ் என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை. புதுச்சேரிக்காரனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, தெருப் பலகையில் 'ரூ' என்று ஆரம்பித்து 'முசே' என்ற மரியாதையோடு முடிந்துவிடும். நல்லவேளையாகத் தமிழிலேயே இதற்குப் பொருத்தமான வார்த்தை புழங்குகிறது: நைஸ். மாவை நைஸாக அரைக்கிறோமே, அந்த நைஸ். நைஸாகக் காரியத்தை முடித்தான் என்கிறோமே, அந்த நைஸும்தான்.

கொடுவாவுக்கு நல்ல பசி, தண்ணீரும் கலங்கல் என்றால் நைஸ் தேவையில்லை. கட்டை மாதிரி எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். ஆனால் தேங்காய்த்திட்டிலும் அரியாங்குப்பம் ஆற்றிலும் நாள் முழுக்கப் படகு ஓடுகிறது, வீச்சு வலை விழுகிறது. அங்கே வளர்ந்த மீன் பத்து இன்டர்வியூ பார்த்த பெண் மாதிரி. சும்மா மயங்காது. அதற்குத்தான் நைஸ்.

சும்மா என்றதும் ஞாபகம் வருகிறது. 1970-களில் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து சார்லி ப்ரூவர் என்பவர் ஒரு முறையைப் பரப்பினார். சின்ன ஈயத் தலையோடு கூடிய முள்ளில் ஒரு ரப்பர் புழுவை மாட்ட வேண்டியது, தண்ணீரில் எறிய வேண்டியது, ஒரே சீராக, மெதுவாகச் சுற்ற வேண்டியது. ஆட்டக் கூடாது, வெட்டி இழுக்கக் கூடாது. அந்த முறைக்கு அவர் வைத்த பெயருக்குத் தமிழில் 'சும்மா இருத்தல்' என்று அர்த்தம். நம் தாயுமானவர் சும்மா இருப்பதைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார். டென்னஸிக்காரர் அதில் மீன் பிடித்துவிட்டார்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் டென்னஸி பார்த்தவர் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிறார். இங்கே ஒரு மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தெருவே அவரை 'மில் அண்ணன்' என்கிறது. கையில் பாரிஸிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழைய மிட்செல் ரீல். பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் க்ளூஸ் என்ற ஊரில் செய்தது. அந்த ஊருக்குக் கடிகாரத் தொழிலில்தான் பேர். கைப்பிடியைச் சுற்றினால் அந்தக் குடும்ப வாசனை தெரியும்.

"ஸ்பின்னிங் ஆளுக்கு ஸ்பின்னிங் ரீலு. ஆண்டவன் கணக்கு தம்பி" என்பார் அண்ணன். ஜோக் இல்லை, சரித்திரமே அப்படித்தான். இந்த வகை ரீலுக்கு 1905-ல் இங்கிலாந்தில் பேடன்ட் வாங்கிய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், பிராட்ஃபோர்டு பக்கத்து மில் முதலாளி. பழைய ரீல்களில் நரம்பு வெளியே போக வேண்டுமென்றால் உருளையே சுழல வேண்டும். சுழற்றுவதற்கே பலம் போய்விடும், அதனால் கனமான தூண்டிலைத்தான் எறிய முடியும். மில்லில் பாபின் அசையாமல் நிற்க, நூல் அதன் முனை வழியாக வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து மனிதருக்கு யோசனை வந்ததாம். உருளை சும்மா நிற்கும், நரம்பு மட்டும் போகும். மூன்று கிராம் எடையைக்கூட முப்பது அடி தாண்டி எறியலாம். ரீல் விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இது நிஜ ரீல்.

புதுச்சேரியே ஒரு காலத்தில் மில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்ட ஊர். ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. 1898-ல் தொடங்கி, 2020 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது. 1936 ஜூலை 30-ல் சவானா மில் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளிகள் செத்துப் போனார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று எட்டு மணி நேர வேலை. ஆபீஸ் விட்டதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற என் மாதிரி ஆசாமிகளுக்கு, சாயங்காலம் என்பது வானத்திலிருந்து விழவில்லை.

பாடத்துக்கு வருவோம். அண்ணனின் முதல் வகுப்பு தண்ணீரில் இல்லை, அவர் வீட்டுத் திண்ணையில்.

ரீலில் நரம்பைச் சுற்றும்போது உருளையின் விளிம்புக்கு இரண்டு மில்லி மீட்டர் குறைவாக நிறுத்த வேண்டும். வழிய வழியச் சுற்றினால் எறியும்போது மொத்தமாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பிச் சிக்கிவிடும். குறைத்துச் சுற்றினால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. எறிந்ததும் வளையக் கம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாதே, கையால் மூடு. தளர்ந்த நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம் சுற்று. இந்த ஒரு பழக்கத்தால் பாதிச் சிக்கல் ஒழிந்தது.

மெயின் நரம்பு பின்னல் நூல், பத்து பவுண்டு. பார்த்தால் தையல் நூல் கனம்தான். அதன் முனையில் ஒரு பாக நீளத்துக்குத் தடித்த தங்கூசி. ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. மார்க்கெட்டில் அதை வெட்டுகிற அம்மாவின் விரலைப் பார்த்தால் தெரியும். முள்ளில் மூன்று அங்குல ரப்பர் மீன்.

அடுத்தது டிராக். ரீலின் தலையில் இருக்கிற திருகு. மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால், அறுந்து போகாமல் நரம்பைத் தானாக விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு. நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வைத்தால் போதும். அண்ணனின் பரிசோதனை: ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை முனையில் கட்டித் தூக்கு. உருளை மெதுவாகச் சுழன்று பொட்டலம் இறங்க வேண்டும். டக்கென்று தூக்கினால் டைட், தொப்பென்று விழுந்தால் லூஸ். (சர்க்கரை வீட்டுச் சர்க்கரை. அண்ணியின் டிராக் அன்று கொஞ்சம் டைட்.)

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், டிராக்கை முழுக்க முறுக்கிவிட்டுத்தான் உட்காருவார். "விட்டுக் கொடுத்தா ஏறி உட்காந்துரும் சார்" என்பது அவர் தத்துவம். மீன் வரும், டப்பென்று சத்தம் வரும், அப்புறம் நண்பர் மட்டும் திரும்பி வருவார். அண்ணன் அவரைத் திட்டவில்லை. "அறுந்த நூலுக்கு ரெண்டு முனையும் அனாதை" என்றார், அவ்வளவுதான்.

கடைசிப் பாடம் விரல். ரீலுக்கு மேலே நரம்பை ஆள்காட்டி விரல் நுனியில் லேசாகத் தொட்டபடி வைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் மீன் மணலில் தட்டினால் ஒரு மாதிரி, சிப்பியில் உரசினால் ஒரு மாதிரி, அலையாத்தி வேரில் மாட்டினால் ஒரு மாதிரி. கொடுவா வாயைத் திறந்து உறிஞ்சினால் 'டொக்'. எனக்கு இரண்டு மாசம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "இப்ப சிப்பி... இப்ப மணல்..." என்று ரன்னிங் காமென்ட்ரி சொல்வார்.

"எப்படிண்ணே?"

"முப்பது வருசம் தம்பி. ஓடுற மிஷின்ல நூல் அறுந்துதான்னு கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி விரலு சொல்லிடும். சொல்லலன்னா மேஸ்திரி சொல்லுவாரு."

மாசி மாதத்து சாயங்காலம் ஒன்றில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், என் விரலும் சொன்னது. வற்றம் முடிந்து தண்ணீர் ஏற ஆரம்பிக்கிற நேரம். கொடுவா அந்த நேரத்தில்தான் வேர் நிழலில் நீரோட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டு, வருகிற குட்டி மீன்களை வரவேற்கும். நான் மெதுவாக, சும்மா, சுற்றிக்கொண்டிருந்தேன். டொக்.

ராடைத் தூக்கினேன். ரீல் 'டர்ர்ர்' என்று அலறியது. நரம்பு போகிறது, போகிறது, நிற்கவில்லை. கை தானாக டிராக் திருகை நோக்கிப் போனது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத. போவட்டும்."

"போயிடும்ணே!"

"போவட்டும்னு உட்டாத்தான் போவாது. டர்ருனு கத்தறப்ப சுத்தாத, நரம்பு முறுக்கிக்கும். நின்னா மட்டும் ராடைத் தூக்கு; எறக்கறப்ப சுத்து."

தூக்கு, இறக்கு, சுற்று. விடு. மறுபடி தூக்கு. மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பித் தலையை உதறியது. "கும்புடு!" என்றார் அண்ணன். ராடு நுனியைத் தாழ்த்தினேன். குதிக்கும்போது நரம்பு விறைத்திருந்தால் அறுத்துக்கொண்டு போகும். குனிந்து கொடுத்தால் மறுபடி தண்ணீரில்தான் விழ வேண்டும். நான்கு முறை குதித்தது. நான்கு முறை கும்பிட்டேன். ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிற வேலைக்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

கால் மணி நேரத்தில் கரைக்கு வந்தது. இரண்டு முழத்துக்குக் குறையாது. முதுகு ஆலிவ் பச்சை, வயிறு வெள்ளி, கண் அந்திச் சூரியனில் தணல். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் கிலோ விலை சொல்லி மனக்கணக்கு போட்டார். கேட்ட எனக்குத் தலை சுற்றியது. அந்த மாதக் கரண்ட் பில், பையன் ஸ்கூல் பஸ் இரண்டும் கரையில் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

அண்ணன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மீனை அடிவயிற்றில் தாங்கினார். "தம்பி, இது அம்மா."

கொடுவா விஷயத்தில் இயற்கை ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறது. பிறந்து பெரிதாகும்போது ஆண். மூன்று, நான்கு வயதில் அப்பாவாகும். ஆறு, ஏழு வயதுக்கு மேல் பெண்ணாக மாறிவிடும்! அதாவது பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் தாய்தான். முகத்துவாரத்துக்குப் போய் லட்சக்கணக்கில் முட்டை இடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு இந்த அலையாத்திக் காட்டுக்குள் வந்து வளரும். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தது பெரிய சாதனை. அங்கேயும் குஞ்சுகளை அடிக்கடி அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும். சீனியாரிட்டி லிஸ்ட் எங்கும் இதே கதைதான்.

அண்ணன் புஸ்தகத்தில் படித்து இதைச் சொல்லவில்லை. இரண்டு கிலோ, மூன்று கிலோ மீன் கிடைத்தால் அவரே மார்க்கெட்டில் விற்பவர்தான், பென்ஷன் சின்னது. பெரியதை மட்டும் தொட மாட்டார். ஆனால் அன்று அது என் மீன். அவர் விடச் சொல்லவில்லை. தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கூட்டம் என்னைப் பார்த்தது. மீனும் பார்த்த மாதிரி இருந்தது. ஸ்கூல் பஸ்ஸை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தேன்.

"விடுங்கண்ணே."

முள்ளை எடுத்தார். நீரோட்டத்துக்கு நேராகத் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டார். செவுள் இரண்டு முறை, மூன்று முறை திறந்து மூடியது. வாலை ஒரு தட்டுத் தட்டியது, எங்கள் சட்டையெல்லாம் சேறு. போய்விட்டது. மனக்கணக்கு போட்டவர் "பைத்தியக்கார ஆஸ்பத்திரி கதிர்காமம் பக்கமா, கோரிமேடு பக்கமா?" என்று விசாரித்தபடி கலைந்தார்.

அண்ணன் என் ராடை வாங்கி, நரம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு பாகம் உருவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்டி எறிந்துவிட்டு, இருட்டிலேயே புது முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கினார். சங்கு ஊதவில்லை. ஷிப்ட் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. கருவாடுகூடப் போடவில்லை.