எறும்பு வளர்க்கிறது விசர் வேலையோ?

கன நாளா ஒண்டும் எழுதேல்லை. கோடை வந்தா ரெஸ்ரோரண்டில மூச்சு விட நேரமில்லை. இண்டைக்குத் திங்கள், கடை பூட்டு. அதால எறும்பைப் பற்றி எழுதப் போறன். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சுப் போட்டு வாசியுங்கோ.

2025 யூலை மாசம் ஒரு பின்னேரம். மழை விட்டு வெயில் எறிச்சு, நல்ல புழுக்கம். டோர்ட்முண்டில எங்கட றோட்டுக்கரை முழுக்கச் சிறகு முளைச்ச எறும்புகள். ஊரில எண்டா ஈசல் எண்டு சொல்லியிருப்பம். ஆனா ஈசல் கறையான்ர ஆக்கள், இது எறும்பு. லாசியஸ் நைகர் எண்டு பேர், இஞ்ச எல்லா இடமும் இருக்கிற சாதாரண கறுப்பு எறும்பு. என்ர மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடச் சிநேகிதன் குடுத்த சோதனைக்குழாயோட ஓடி வந்தான். "அப்பா, ராணி பிடிச்சிட்டன். இனி என்ன செய்யிறது?"

நான் 2006 இல வெளிக்கிடேக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில விலங்கியல் இரண்டாம் வருசம். படிப்பு அதோட சரி. பிறகு இஞ்ச வந்து கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, இப்ப குசினியில சமைக்கிறன். பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு ஒரு ஆள் என்னட்டை விலங்கியல் கேள்வி கேட்டது அண்டைக்குத்தான். விடுவனோ!

செய்முறை லேசு. சிறகு உதிர்ந்து, தடிச்ச முதுகோட நிலத்தில தனியா ஓடித் திரியிறதுதான் கலந்து முடிச்ச ராணி. குழாயில மூண்டில ஒரு பங்கு தண்ணி விட்டு, அதைப் பஞ்சால இறுக்கி அடைச்சு, ராணியை உள்ள விட்டு, வாயிலையும் பஞ்சு வைச்சு, இருட்டில வைக்க வேணும். சாப்பாடு போடக் கூடாது.

"பட்டினி போட்டுக் கொல்லப் போறியளோ?" எண்டு மனுசி கேட்டா. இல்லை. அந்த ராணி வாழ்க்கையில ஒரு நாள்தான் பறக்கும். பிறகு சிறகைத் தானே முறிச்சுப் போடும். பறக்கிறதுக்கு இருந்த தசை இனித் தேவையில்லை, அது உடம்புக்குள்ள கரைஞ்சு முதல் குடம்பிகளுக்குச் சாப்பாடாகும். முதல் பிள்ளையள் வளர்ந்து வெளியால வரும் வரைக்கும் தாய் ஒண்டும் தின்னாது. இடைக்கிடை எடுத்து ஆட்டிப் பாத்தா பயத்தில முட்டையைத் தானே தின்னும். அதால குழாயைக் காலுறைக்குள்ள சுத்தி அலுமாரியில வைச்சுப் பூட்டித் திறப்பை நான் எடுத்திட்டன். செப்டம்பரில பாத்தா ஆறு குட்டி வேலைக்காரியள். ஒரு சொட்டுத் தேன் வைச்சம். நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும் கெல்லரில குளிருக்க வைச்சம், இந்தச் சாதிக்கு மாரிகால உறக்கம் தேவை.

ரெஸ்ரோரண்டில ஒரு எறும்பைக் கண்டாலும் முதலாளி மருந்து வைக்கச் சொல்லுவார், வைக்கிறது நான்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டை வந்து தேன் வைக்கிறதும் நான்தான் :-)

பிரச்சினை இந்த வருசம் துவங்கினது. கறுப்பு எறும்பு அவனுக்குச் சின்னனாப் போச்சு. ஆபிரிக்காவில இருந்து வாற பெரிய ராணி வேணுமாம். இணையத்தில விலை நூறு யூரோவுக்கு மேல. நான் ஏலாது எண்டன். "காசுக்காகத்தானே வேண்டாம் எண்டுறியள்" எண்டு மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

காசும் ஒரு காரணம்தான், பொய் சொல்லேல்லை. ஆனா அது இரண்டாவது.

2025 ஏப்ரலில கென்யாவில இரண்டு பெல்ஜியப் பெடியளைப் பிடிச்சவை. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயசு. அவையிட்டை கிட்டத்தட்ட 5,000 ராணி எறும்புகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழாயளில பஞ்சு வைச்சு அடைச்சபடி. மே மாசம் 10 லட்சம் கென்ய சிலிங் தண்டம், கட்டாட்டி பன்ரண்டு மாசம் மறியல் எண்டு தீர்ப்பு. புல்லு விதையளைச் சேர்க்கிற, அங்கத்தை மண்ணுக்குத் தேவையான எறும்பு அது. ஒவ்வொரு ராணியும் ஒரு கூடு. எடுத்தா அந்தக் கூடு அங்க வராது. இஞ்ச தப்பி ஓடினா இன்னொரு தலையிடி வரலாம். தென்னமெரிக்க நெருப்பெறும்பு 2001 இல பிரிஸ்பேனில பிடிபட்டது, அவுஸ்ரேலியா இன்னும் அதோட மாரடிக்குது. 2023 இல சிசிலியில 88 கூடு கண்டுபிடிச்சவை.

இதை வேலையில ஒரு சிநேகிதனுக்குச் சொன்னன். அவன் சிரிச்சான். "மச்சான், நீயே ஒரு வெளிநாட்டு எறும்பு. நீ என்ன வெளியால இருந்து வாறதைப் பற்றிக் கதைக்கிறாய்?"

பகிடிதான். ஆனா அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்லை. ஏனெண்டா எங்களைப் பற்றியும் இஞ்ச சில பேர் இப்பிடித்தான் கதைக்கினம்: படையெடுக்கினம், பெருகினம், எங்கட இடத்தைப் பிடிக்கினம் எண்டு. நானும் அந்தப் பாட்டைத்தான் பாடுறனோ?

யோசிச்சுப் பாத்தன். இல்லை. எறும்பில பேர் வைச்சதே 14,000 இனத்துக்கு மேல. மனுசன் ஒரே இனம். எறும்புக்குச் சொல்லுற கணக்கை மனுசனுக்குச் சொல்லுறவனுக்கு விலங்கியலும் தெரியாது, மனுசனையும் தெரியாது. அதைவிட, நான் வந்தது உயிர் தப்ப. லொறியில பொதி மாதிரித்தான் வந்தனான், ஆனா ஏறினது என்ர முடிவு. அந்தக் குழாய்க்குள்ள இருந்த ராணியளை ஒருதரும் கேக்கேல்லை. அதுகள் அகதியில்லை, சரக்கு. அந்தப் படத்தைப் பாத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஏஜென்சிக்காரன்தான்.

அதால என்ர கருத்து இதுதான். பிள்ளையள் எறும்பு வளர்க்க ஆசைப்பட்டா மறிக்காதேங்கோ, நல்ல படிப்பு அது. ஆனா உங்கட வாசலில விழுகிற ராணியைப் பிடிக்க விடுங்கோ. வெளியால விட்டா அதுகளில அநேகமானது எப்பிடியும் குருவிக்கோ சிலந்திக்கோ சாப்பாடு. காட்டில மேடு கட்டுற சிவப்பு எறும்பைத் தொடாதேங்கோ, ஜேர்மனியில அதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. கடல் தாண்டி வந்ததை வேண்டாதேங்கோ. ஏற்கெனவே வேண்டியிருந்தா, அலுத்துப் போச்செண்டு ஒருநாளும் வெளியால விடாதேங்கோ.

இன்னொண்டு. இது ஒரு கோடைகால விளையாட்டில்லை. ஆய்வுகூடத்தில வளர்த்த ஒரு லாசியஸ் நைகர் ராணி 28 வருசத்துக்கு மேல உயிரோட இருந்தது. இந்தக் கணக்கைச் சொன்ன அண்டைக்குத்தான் மூத்தவன் திரும்ப வாயைத் திறந்தான்.

"அப்ப நான் கம்பசுக்குப் போனா ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் ராசா. நீ முழுசாப் படிச்சு முடிச்சுப் போட்டு வா" எண்டன்.