ஒப்புக்கொண்டவரெல்லாம் குற்றவாளியா?

'நிரபராதி என்றால் வழக்கை நடத்தி ஜெயித்துக் காட்ட வேண்டியதுதானே? குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு எதற்குப் பரிதாபம்?' என்று நண்பர் எழுதியிருக்கிறார். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தை அவர் சினிமாவில் மட்டுமே பார்த்திருப்பார் போல.

அங்கே குற்றம் சாட்டப்படுவோரில் சுமார் பத்தில் ஒன்பது பேர் விசாரணைக்கே போகாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் மனசாட்சி உறுத்தியதாக்கும்! வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரியின் அறைக்குள் எதிர்த்தரப்பு வக்கீல் நுழையவே முடியாது. அரசுத் தரப்புச் சாட்சியின் பழைய வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும், அவர் கூண்டேறிச் சாட்சி சொன்ன பிறகுதான் வருகிறது. ஜென்க்ஸ் சட்டம் அப்படி.

கென்டக்கியில் ஒருவர் மீது 88 டாலர் 30 சென்டுக்குப் போலிக் காசோலை கொடுத்ததாக வழக்கு. '5 ஆண்டுக்கு ஒப்புக்கொள். இல்லையென்றால் பழைய தண்டனைகளையும் காட்டி ஆயுள் தண்டனைப் பிரிவில் போடுவேன்' என்றார் அரசு வக்கீல். அவர் மறுத்தார். ஆயுள் தண்டனை விழுந்தது. மாநில வழக்குதான். ஆனால் 1978-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. ஃபெடரல் அரசு வக்கீல்களும் அந்தத் தைரியத்தில்தான் பேரம் பேசுகிறார்கள்.

பேரம் படிந்தபின் நீதிபதி கேட்பார்: 'யாராவது உங்களை மிரட்டினார்களா?' 'இல்லை' என்றால்தான் ஒப்பந்தம் நிற்கும். அந்த 'இல்லை'யைத்தான் நண்பர் ஆதாரம் என்கிறார்.