தேதி இல்லாத வரைபடங்கள்

ஆஸ்திரேலிய அரசின் ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியா நிறுவனம், நிலவரைபடங்களைக் காகிதத்தில் அச்சிட்டு விற்பதை 2019 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டது. எல்லாம் இணையத்தில் இருக்கிறது, சட்டைப்பையில் கைபேசி இருக்கிறது, மடித்த தாள் இனி யாருக்கு என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த முடிவின் மை காய்வதற்குள் நாடு பற்றி எரிந்தது. அந்தக் கோடைக் காட்டுத்தீயில் 33 பேர் செத்தார்கள். மலையூர்கள் பலவற்றில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் ஒன்றாகச் சேர்ந்து படுத்தன. தீயணைக்கப் போகிறவர் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்று அப்போது பலரும் எழுதினார்கள். சரியான பேச்சுதான். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை அநேகமாக யாரும் பேசவில்லை. இந்த முடிவால் நாளைய உள்ளூர் வரலாற்றுக்கு ஆதாரமே இல்லாமல் போகப்போகிறது.

அச்சிட்ட நிலவரைபடத்தின் மூலையில் ஓர் ஆண்டு இருக்கும். எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு திருத்தியது, எந்த ஆண்டு அச்சிட்டது என்று தாளே சொல்லிவிடும். நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய சாட்சி அது. கணினித் தரவுத்தளமோ வாசல் கோலத்தைப் போன்றது. நேற்றைய கோலத்தைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் இன்றைய கோலம். ஒரு பாதை மூடப்பட்டால் தரவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஓர் ஓடையைக் குழாய்க்குள் விட்டால் நீலக்கோடு மறைகிறது. பத்தாண்டு கழித்து ஒருவர் வந்து "2020-ல் இந்த மலைச்சரிவு எப்படி இருந்தது" என்று கேட்டால், எந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள்?

இதை கிரெய்கிபர்ன்வாசிகளுக்குப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மெல்பர்ன் நகரத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் இந்த ஊரில் 2021 கணக்கெடுப்பில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மின்ரயில் இங்கே வந்ததே 2007-ல்தான். பழைய ஓர் அங்குலத் தாளைப் (ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்தது) பிரித்தால் கிரெய்கிபர்ன் என்பது ஒரு ரயில் நிலையம், ஒரு நெடுஞ்சாலை, மெரி, எய்ட்கன், மால்கம் என மூன்று ஓடைகள், அவ்வளவுதான். எரிமலைக் குழம்பு இறுகிய சமவெளியில் எழுந்த குடியிருப்புக்கு 'ஹைலண்ட்ஸ்' என்று பெயர் வைத்த ரசனையாளர்களை என்னவென்று சொல்வது? சம உயரக் கோடுகளைப் பார்த்திருந்தால் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்கள்.

உண்மையான மலை வடகிழக்கில் நிற்கிறது. சுமார் 800 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் டிசப்பாயின்ட்மென்ட். 1824 டிசம்பரில் புதுநிலம் தேடி வந்த பயணிகள் ஹாமில்டன் ஹியூமும் வில்லியம் ஹோவெலும் கடலைப் பார்த்துவிடலாம் என்று அதன்மேல் ஏறினார்கள். மரங்கள் மறைத்துக்கொண்டன. ஏமாற்றத்தையே மலைக்குப் பெயராக்கிவிட்டு இறங்கினார்கள். பிறகு சுற்றிப் போய் கொரையோ விரிகுடாவைத் தொட்டபோது, ஹோவெல் தீர்க்கரேகையில் ஏறக்குறைய ஒரு பாகை பிசகி, தாங்கள் வந்து சேர்ந்தது வெஸ்டர்ன்போர்ட் என்று குறித்துவைத்தார். அந்தக் குறிப்பை நம்பி 1826-ல் அரசு வெஸ்டர்ன்போர்ட்டுக்கு ஆட்களை அனுப்பியது. கூடப் போன ஹோவெலே, தான் முன்பு பார்த்த நிலம் இதுவல்ல என்று அங்கே கண்டுகொண்டார். 1828-ல் அந்தக் குடியேற்றம் கைவிடப்பட்டது. ஒரு பாகைப் பிழைக்கு ஒரு காலனி விலையானது. ஹியூம் நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு, ஹியூம் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவர்களுக்கு, இந்தக் கதையை யார் சொல்லியிருக்கிறார்கள்?

மலைக்குள்ளே இன்னும் பெரிய கதை இருக்கிறது. டிசப்பாயின்ட்மென்ட் மலையில் தொடங்கி ரூபிகன், பவல்டவுன், மேட்லாக் வரை, விக்டோரியாவின் மலைக்காடுகளுக்குள் ஒருகாலத்தில் மரஅறுவை ஆலைகளும் அவற்றைச் சுற்றிச் சிற்றூர்களும் இருந்தன. அறுத்த மரத்தைக் கீழே கொண்டுவர டிராம் பாதைகள் போட்டார்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பாதையைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டிச்சாலை ஏறும், இறங்கும். டிராம் பாதை சம உயரக் கோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து போகும், ஏனெனில் பாரம் ஏற்றிய பெட்டி செங்குத்தில் நிற்காது. காட்டுக்கு நடுவே காரணமே தெரியாமல் ஒரு கோடு மலையிடுப்பைச் சுற்றிப் போனால், அதன் முனையில் ஓர் ஆலை இருந்திருக்கும். ஆலையைச் சுற்றிக் குடும்பங்கள் இருந்திருக்கும்.

1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. அந்தக் கருப்பு வெள்ளித் தீயில் விக்டோரியாவில் 71 பேர் மாண்டார்கள், 69 மரஅறுவை ஆலைகள் எரிந்தன. மேட்லாக் காட்டில் ஒரே ஆலையில் 15 பேர். நீதிபதி ஸ்ட்ரெட்டன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குப் பிறகு ஆலைகள் காட்டைவிட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. தீக்கு முந்தைய தாளையும் அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலை இல்லை, டிராம் பாதை இல்லை. இரண்டு தாளும் இருப்பதால்தான் அந்த இல்லாமை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தாள் மட்டும் இருந்தால் அது எப்போதுமே காடாக இருந்தது என்று நம்பிவிட்டுப் போவோம். 2009 பிப்ரவரி 7 அன்று கில்மோர் ஈஸ்ட்டில் பிடித்த தீ இதே மலைத்தொடரைத் தாண்டிக் கிங்லேக் வரை போய் 119 பேரைக் கொன்றது. மலையில் மனிதர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்ற கேள்விக்கு 1939-லேயே பதில் எழுதப்பட்டுவிட்டது. பழைய தாள்களைத் திட்டமிடுவோர் மேசையில் விரித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கு இவ்வளவு பெரிதாகியிருக்காது.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பல்ல. அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனம் 1884 முதல் 2006 வரை தான் அச்சிட்ட நிலவரைபடங்களை, ஒவ்வொரு பதிப்பையும் விடாமல் தேடி எடுத்து வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. மொத்தம் ஒரு லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேல். இன்னொரு முறை படியுங்கள்: 1,78,000. காசு கிடையாது, அடையாள அட்டை கேட்பதில்லை, எந்த நாட்டுக்காரர் என்று விசாரிப்பதில்லை. அப்பலாச்சிய மலையில் ஒரு நிலக்கரிச் சிற்றூர் எப்போது முளைத்தது, அதன் பள்ளிக்கூடம் எந்தப் பதிப்பில் காணாமல் போனது, எந்தப் பதிப்பில் மலையின் தலையே வெட்டப்பட்டது என்று கிரெய்கிபர்ன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். அதோடு நிற்கவும் இல்லை. 2009 முதல் வெளியிடும் கணினி வரைபடங்களையும் ஆண்டு குறித்துத் தனித்தனிப் பதிப்பாகவே வெளியிடுகிறார்கள். காகிதம் போனாலும் தேதி போகவில்லை. ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம் இன்னும் ஒருபடி மேலே போய், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒரே திரையில் அருகருகே நகர்த்திப் பார்க்க வசதி செய்திருக்கிறது. மனசிருந்தால் முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி?

மனசில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா. 1767-ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறைக்கு அமெரிக்க நாட்டைவிட வயது அதிகம். 1802-ல் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளந்ததே நம் பரங்கிமலை அருகில்தான். அப்பேர்ப்பட்ட துறை, கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டர் பட்டையின் விரிவான வரைபடங்களைப் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் பூட்டி வைத்தது. அகத்தியமலை அந்தப் பட்டைக்குள்தான் வருகிறது. 2016-ல் வந்த சட்ட வரைவு, அனுமதியில்லாமல் வரைபடம் வெளியிட்டால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை என்றது. நல்லவேளை, அதைக் கிடப்பில் போட்டார்கள். 2017-ல் இலவசமாகத் தருகிறோம் என்று அறிவித்தபோது ஆதார் எண் கேட்டார்கள். குன்னூரில் பிறந்து கிரெய்கிபர்னில் குடியுரிமை பெற்றவர் தன் தாத்தா வாழ்ந்த மலையைப் பார்க்க ஆதாருக்கு எங்கே போவார்? 2021-ல் விதிகளைத் தளர்த்தினார்கள். அதுவும் நிறுவனங்களின் வணிகத்துக்காக. பழைய பதிப்புகள் அத்தனையையும் வரிசையாகத் திறந்துவைக்கும் எண்ணம் அதில் தென்படவில்லை.

தேசப் பாதுகாப்பு என்பார்கள். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் இந்தியாவுக்குத் தயாரித்த வரைபட வரிசை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கிடக்கிறது. நில அளவைத் துறையின் டேராடூனில் பூட்டு, டெக்சஸில் திறந்த கதவு. இந்த வாதத்துக்கு அதற்கு மேல் பதில் தேவையில்லை.

பழைய வரைபடங்களே காலனியாட்சிக் கருவிகள்தானே, அவற்றை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் நன்றாக எடுபடும் கேள்வி. மெல்பர்ன் வட்டாரத்துப் பூர்வகுடிகளான உருண்ட்ஜெரி மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த இடத்தை வெள்ளைக்காரர் வெறும் புல்வெளியாக வரைந்தார்கள் என்பது உண்மை. அந்த உண்மையை நிரூபிக்க அதே தாள்தான் வேண்டும். கிழித்தெறிந்துவிட்டு எதை வைத்து வழக்காடுவது?

தமிழருக்கு இந்த வழக்கில் நேரடிப் பங்கு இருக்கிறது. நீலகிரியை 1821 வாக்கில் ஆங்கிலேய அளவையாளர் வார்டு அளந்தார். பின்னால் வந்த அளவைத் தாள்களில் தோடர் மந்துகள் பெயரோடு குறிக்கப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கனடா உதவியோடு அவலாஞ்சி, எமரால்டு அணைகள் எழுந்தன. அதற்கு முந்தைய தாளில் அங்கே புல்வெளியும் சோலையும் ஓடையும். 1968 முதல் இலங்கையிலிருந்து திரும்பியவர்களைக் குடியமர்த்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதற்குப் பிந்தைய தாளில் காடு இருந்த இடத்தில் தேயிலை. ஒரு மக்கள் கூட்டம் கடல் கடந்து போய், நூறாண்டுக்கு மேல் உழைத்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் திருப்பி அனுப்பப்பட்டு இன்னொரு மலையில் வந்து விழுந்த கதை, இரண்டு நாட்டு வரைபடங்களிலும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆள்தான் இல்லை.

இலங்கை மலையகத்தில் 1969-ல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் போனது. கோடை வறட்சியில் நீர் வற்றும்போது கோயில் தலைகாட்டுகிறது. ஊரே திரண்டு போய்ப் பார்க்கிறது. அந்த நகரத்தின் தெருவும் சந்தியும் எப்படி இருந்தன என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட வறட்சி வரக் காத்திருக்க வேண்டுமா? பழைய ஓர் அங்குலத் தாள் போதும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு நிலப்பத்திரம் கிடையாது. 1948 சட்டத்தோடு பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் போனது. அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த இடத்துக்கு வரைபடத்துப் புள்ளியைவிட உறுதியான சான்று எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் நிலைமை மோசமில்லை என்று சமாதானம் சொல்லலாம். தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய வரைபடங்கள் ஏராளம். அந்த ட்ரோவே 2023-ல் பணமில்லாமல் மூடும் நிலைக்குப் போய், கடைசி நேரத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடியே 30 லட்சம் டாலர் கிடைத்துப் பிழைத்தது. பழையதைக் காப்பாற்றவே இந்தப் பாடு என்றால், புதிதாகப் பழையதாகப்போகும் இன்றைய நிலத்தை யார் காப்பாற்றுவார்கள்? பதிப்பு ஆண்டு இல்லாத வரைபடத்தை வெளியிடும் அரசு, தன் மலைகளுக்கு வரலாறு வேண்டாம் என்று தீர்மானித்துவிட்ட அரசுதான்.

கிரெய்கிபர்ன் நூலகத்துக்கு 2014-ல் உலகின் சிறந்த பொது நூலகம் என்ற டென்மார்க் விருது கிடைத்தது. அடுத்த முறை அங்கே போகும்போது, இந்த வட்டாரத்தையும் டிசப்பாயின்ட்மென்ட் மலைத்தொடரையும் காட்டும் பழைய நிலவரைபடங்களின் எல்லாப் பதிப்பும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை தேதியிட்ட பதிப்பு ஒன்றை அச்சிட்டு எல்லா வட்டார நூலகங்களுக்கும் அனுப்பச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். சென்னையிலும் கொழும்பிலும் உறவுகள் இருந்தால், அங்கேயும் இதே கோரிக்கையை எழுப்பச் சொல்லுங்கள்.