கழற்றும் கையை நினையாத இணைப்பு

அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனியார் 1955-ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கென்று முதன்முதலாக வார்த்தெடுத்த சிறிய வகை வி-8 எஞ்சின், தலைமுறைக்குத் தலைமுறை திருத்தம் பெற்று, 2011-இல் பத்துக் கோடியாவது எண்ணிக்கையை எட்டியது. அந்த வம்சத்தில் வந்த 5.7 லிட்டர் எஞ்சின் ஒன்று, 1996 முதல் பிக்அப் லாரிகளிலும் பெரிய வேன்களிலும் பொருத்தப்பட்டு, பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் தச்சர் முதலிய கைத்தொழிலாளரின் பிழைப்பிலும் பங்கு கொண்டு, இன்றளவும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை திடகாத்திரமான யந்திரத்தை, அதன் மேற்புறத்தில் விரல் நீளமே உள்ள ஓர் உலோகத் துண்டு நடுச்சாலையில் நிறுத்திவிடக்கூடும். எஞ்சினின் சுடுநீரை ஹீட்டருக்கு அனுப்பும் ஹோஸ் வந்து சேருகிற இணைப்புதான் அது. அந்த இணைப்பு ஒழுகுவதும், ஒழுக்கை நிறுத்தக் கை வைத்தவுடன் முறிவதும் அந்நாட்டு மெக்கானிக்குகளுக்குச் சர்வசாதாரணமான அனுபவம். பழுதை நீக்கும் வழியோடு, பழுதுக்குக் காரணமான மனப்போக்கையும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

உஷ்ண பூமியில் வாழும் நமக்கு, லாரிக்கு ஹீட்டர் என்றால் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் மாதக் கணக்கில் பனி உறையும் பிரதேசங்களில், கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்றின் ஈரத்தால் மங்கி, வெளிப்புறம் பனி படர்ந்து, எதிரே வருவது எதுவென்று தெரியாமல் வண்டி ஓட்ட நேர்ந்தால், அது பிராணாபாயமான காரியம். கண்ணாடியைத் தெளியவைக்கும் சாதனம் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் விதி கட்டளையிடுகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சினே தருகிறது. தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 91 டிகிரி செல்சியஸில் திறக்கும்படி அமைந்த இந்த எஞ்சினில், கூலன்ட் கலந்த சுடுநீரின் ஒரு பகுதி காற்றை எஞ்சினுக்குள் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் வழியாகப் புறப்பட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டரைச் சுற்றி, வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்குவதால், நீர் தன் சாதாரணக் கொதிநிலையைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கிறது. அந்த அழுத்தமும் வெப்பமும் எஞ்சினின் ஒவ்வொரு நடுக்கமும் அந்தச் சிறு இணைப்பின்மேல்தான் விழுகின்றன.

மேனிஃபோல்டு அலுமினியம், அதில் திருகப்பட்டிருக்கும் இணைப்போ துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவான உருப்படி. ஹோஸின் முனையில் பிளாஸ்டிக் பூட்டு ஒன்று இருக்கும். தொழிற்சாலை வரிசையில் நிற்கும் தொழிலாளி அதை இணைப்பின்மேல் வைத்து அழுத்தினால், ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஸ்பேனரும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். ஒரு வண்டிக்குச் சில விநாடி மிச்சமானாலும், வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வண்டி செய்பவருக்கு அது பெருத்த லாபம்தான். அந்த லாபத்தை நான் குறை சொல்லவில்லை. வேகமாகப் பூட்டுவதற்காக இத்தனை யோசித்தவர்கள், பத்து வருஷம் சென்று ரப்பர் ஹோஸ் தன் ஆயுள் முடிந்து மாற்றப்பட வேண்டிய நாளில், அதைக் கழற்றப்போகிற கையைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இரசாயனமும் இங்கே சதி செய்கிறது. மின்சாரம் கடத்தும் திரவத்தில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றில் எளிதில் அரிபடுவது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். இத்தகைய திரவத்தில் துத்தநாகம் அலுமினியத்தைக் காட்டிலும் எளிதில் அரிபடும். கரையும் உலோகத்தின் பரப்பு சிறிதாகவும் காக்கப்படும் உலோகத்தின் பரப்பு பெரிதாகவும் இருந்தால் அரிப்பு துரிதமாகும் என்பது பொறியியலில் பாலபாடம். பெரிய மேனிஃபோல்டின் நடுவே சின்னத் துத்தநாக இணைப்பு என்னும் இந்த ஏற்பாடோ, அந்தப் பாடத்துக்கு நேர் விரோதம். கூலன்டில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்கள் வீரியத்தோடு இருக்கும்வரை இந்த அநியாயம் மட்டுப்பட்டிருக்கும். உரிய காலத்தில் கூலன்டை மாற்றாவிட்டால், தடுப்பான்கள் தீர்ந்து, கூலன்டின் மூலப்பொருளான கிளைக்காலே சிதைந்து அமிலமாகி, இணைப்பை உள்ளிருந்தே தின்னத் தொடங்குகிறது.

ஒழுக்கின் அறிகுறிகள் ஆரம்பத்தில் மிக அடக்கமானவை. வண்டி நின்ற பிறகு ஒரு தித்திப்பு வாசனை. இணைப்பின் அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகவோ காவியாகவோ ஒரு படிவு. மேனிஃபோல்டின் பள்ளத்தில் தேங்கி நிற்கும் ஒரு கரண்டி திரவம். அது எஞ்சினின் பின்புறமாக வழிந்து தரையில் சொட்டும்போது, பார்ப்பவர் கேஸ்கட் போய்விட்டது என்று தவறாக நிதானித்து, பெரிய செலவுக்குத் துணிந்துவிடுவதும் உண்டு. அசட்டையாக விட்டவருக்கு நேர்வதோ அதைவிடக் கொடிது. நீர் குறைந்து எஞ்சின் ஒரு தடவை கடுமையாகச் சூடேறினாலே, இந்த எஞ்சினின் வார்ப்பிரும்புத் தலைகள் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விடக்கூடியவை என்பதை அந்தத் தொழிலில் உள்ளோர் நன்கு அறிவர். தரையில் சொட்டிய கூலன்டை நக்கி நாயும் பூனையும் சாகின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வளர்ப்புப் பிராணி இல்லாத வீட்டாருக்கும் இந்த விஷயத்தில் பொறுப்பு உண்டு.

இனி, குறுக்கு வழிகள். ஒழுக்கை அடைக்கும் பொடியை ரேடியேட்டரில் கொட்டுவது ஒன்று; அது ஒழுகும் துவாரத்தோடு ஹீட்டரின் நுண்ணிய குழாய்களையும் அடைத்துவிடும். வெளியே எம்-சீல் பூசுவது இன்னொன்று. உள்ளே கரைந்துகொண்டிருக்கும் உலோகத்தின்மேல் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? மூன்றாவது, இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று சேர்த்து ஹீட்டரையே விலக்கிவிடுவது. இவற்றுள் இந்த மூன்றாவதை நான் மன்னிக்கவே மாட்டேன். கோடையில் இதைச் செய்து சகாயமாக விற்ற வண்டியை வாங்கியவன், முதல் பனிக்காலத்தில் கண்ணாடி மறைந்து கண் தெரியாமல் தவிப்பான்.

முறையான வேலை பொறுமையைக் கேட்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். இணைப்பு உயரத்தில் இருப்பதால் கூலன்ட் முழுவதையும் வடிக்க வேண்டியதில்லை. மேல்மட்டம் தாழும் அளவுக்கு வடித்தால் போதும். ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவைத்துக் கழற்றினாலும், அநேகமாக இணைப்பின் கழுத்து முறிந்து, மரைப்பகுதி மட்டும் மேனிஃபோல்டுக்குள் தங்கிவிடும். அப்போதுதான் மெக்கானிக்கின் குணம் தெரியும். அவசரக்காரர் டிரில்லை எடுக்கிறார், அலுமினிய மரையும் சேர்ந்து போகிறது. நிதானமுள்ளவர் முதலில் துவாரத்துக்குள் ஒரு துணியைத் திணிக்கிறார். ஏனெனில் உள்ளே விழும் துத்தநாகத் துணுக்கைக் காந்தம் இழுக்காது. முறிந்ததைப் பிடித்துத் திருகும் கருவி பிடித்துக்கொண்டால் நல்லது. மெத்தென்ற உலோகம் உதிர்ந்துகொண்டே போனால், ஆக்ஸா பிளேடைக் கையிலேயே பிடித்து, உள்ளிருந்து வெளிநோக்கி, அலுமினிய மரையைத் தொடுவதற்கு மயிரிழை முன்பாக நிறுத்தி, இரண்டு கீறல் போடுகிறார். சின்ன உளியால் கீறல்களுக்கு இடைப்பட்ட துண்டை உள்பக்கம் மடக்கியதும், இறுகிப்போயிருந்த வளையம் தளர்ந்து வெளியே வந்துவிடுகிறது. மரையின் மேடும் பள்ளமும் சேதமில்லாமல் பளிச்சென்று தெரியும் அந்தக் கணத்தில் அவர் முகத்தில் தோன்றும் திருப்தி, சம்பளத்தால் வாங்க முடியாதது. பிறகு கிரீஸ் தடவிய, மரை வெட்டும் டேப்பை மெல்ல ஓட்டி மரையைச் சுத்தம் செய்து, துணியை எடுத்து, புது இணைப்பைப் பூட்டலாம்.

புது இணைப்பு எதுவாக இருக்க வேண்டும்? பழையதைப் போலவே இன்னொரு துத்தநாகத் துண்டை வாங்கிப் பூட்டுவது, அடுத்த முறிவுக்கு முன்பணம் கட்டுவதற்குச் சமானம். பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த, ஹோஸை நேரே சொருகிக் கிளிப்பால் இறுக்கும் சாதாரண இணைப்பே போதும். அப்போது அரிபடும் முறை அலுமினியத்துக்கு வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் கரைவது பெரிய பரப்பாகவும் காக்கப்படுவது சிறிய பரப்பாகவும் இருப்பதால், நல்ல கூலன்ட் உள்ளவரை அது மிக மந்தமாகவே நடக்கும். மரைக்குப் பூசும் சீலன்ட் வேண்டும். முரட்டு பலம் வேண்டாம். கூம்பு மரை ஆப்பு இறங்குவதுபோல இறுகிக்கொண்டே போகுமாகையால், மிதமிஞ்சித் திருகினால் மேனிஃபோல்டே வெடிக்கும். வளைகுடா நாடுகளின் பட்டறைகளில் இத்தகைய அமெரிக்க வண்டிகளோடு பழகும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமெரிக்கக் குழாய் மரையின் கோணம் 60 டிகிரி, நம் ஊர்க் குழாய்க் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு சுற்று என்பதால், ஒன்றில் மற்றது ஏறுவதுபோல ஏறி, ஒழுக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். வேலை முடிந்ததும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை கூலன்டை நிரப்பி, ஆறிய பிறகு மட்டத்தை மறுபடி பார்த்துவிட வேண்டும்.

வண்டிக்காரரின் குற்றமும் இதில் இல்லாமல் இல்லை. கூலன்டை மறந்தவர் அமெரிக்காவிலும் உண்டு. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றிக் காலத்தை ஓட்டுபவர் நம் லாரித் தொழிலிலும் உண்டு. ஆயினும் மறதிக்குத் தண்டனை ஓர் அளவோடு இருக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் தேய்ந்து மாறும் பண்டம் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரிந்த உண்மை. மாற்றியே ஆக வேண்டிய பண்டத்தை, மாற்றும்போது முறியக்கூடிய துண்டில் பூட்டியனுப்பும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? உத்தரவாதக் காலத்துக்குப் பிறகு நேரும் முறிவின் செலவு தம்முடையதல்ல என்ற கணக்கிலிருந்தே வந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மாஸசூஸெட்ஸ் மாகாண வாக்காளர்கள் 2012-இல் பெரும்பான்மையோடு ஏற்றுக்கொண்ட வாகனப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம், கம்பெனியார் மறைத்து வைத்த கம்ப்யூட்டர் தகவல்களைத் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் திறந்துவிட்டது. அது பெரிய வெற்றிதான். ஆனால் முறியும் துத்தநாகத்தைப் பற்றி அந்தச் சட்டம் பேசாது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இந்த உரிமையை ஆராயக் குழு அமைத்தபோது, விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களையும் சேர்த்துக்கொண்டது. 2024-இல் பழுதுபார்க்கும் தகுதிக் குறியீட்டுக்கென்று அமைத்த குழுவோ கைபேசி முதலிய மின்னணுப் பொருள்களோடு நின்றது. அந்தக் குறியீடு வாகனங்களுக்கும் வர வேண்டும். குளிர்விக்கும் நீர் போகும் பாதையில் உள்ள ஒவ்வோர் இணைப்பும் எந்த உலோகம், எந்த மரை, எந்தச் சாதாரணக் கருவியால் கழலும் என்பவை வண்டியோடு தரும் புத்தகத்தில் அச்சிடப்பட வேண்டும். ஹோஸை மாற்றும்போது முறிகிற இணைப்பை, வண்டியின் வயது எதுவானாலும், நல்ல உலோகத்தில் செய்து இலவசமாகத் தரும் கடமை தயாரிப்பாளருடையது என்றும் அதில் எழுத வேண்டும்.