பாடும் செல்போன்: வாங்குவது பெட்டியா, பாட்டா?

பாட்டுக் கேட்பதென்றால் ஒரு காலத்தில் கிராமபோன் பெட்டி இருக்கும் வீட்டைத் தேடிப் போகவேண்டும். பிறகு ரேடியோ வந்தது, டேப்ரிக்கார்டர் வந்தது. 1979-ம் ஆண்டில் ஜப்பானின் சோனி கம்பெனி வாக்மன் என்ற சிறிய பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் பாட்டு மனிதனோடு வீதியில் நடக்கத் தொடங்கியது.

இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போனே பாடுகிறது. கோடிக்கணக்கான பாட்டுகளில் எதைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் காதில் ஒலிக்கிறது. இவ்வளவு சௌகரியம் எந்த ராஜாவுக்கும் இருந்ததில்லை. ஆனால் அத்தனை பாட்டில் எத்தனை பாட்டு போனை வைத்திருப்பவனுக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், பாட்டுக்கென்றே செய்யப்பட்ட செல்போன்களின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

இரண்டு பெட்டி ஒன்றாயிற்று

2000-ம் ஆண்டிலேயே சாம்சங் கம்பெனி எம்.பி.3 பாட்டுப் பாடும் போன் ஒன்றை அமெரிக்காவில் விற்றது. அதில் இருந்த இடமெல்லாம் 64 எம்.பி.தான். பத்துப் பன்னிரண்டு சினிமாப் பாட்டைப் போட்டால் நிறைந்துவிடும். 2001-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டுகளைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் விளம்பரம். ஒரு பையில் போன், இன்னொரு பையில் ஐபாட் என்று இரண்டையும் சுமந்தவர்களுக்கு, இரண்டும் ஒன்றாக இருந்தால் என்ன என்று தோன்றியது இயற்கைதான்.

2005-ல் சோனி எரிக்சன் கம்பெனி டபிள்யூ 800 என்ற போனுக்கு வாக்மன் பெயரையே சூட்டிச் சந்தைக்கு அனுப்பியது. கூடவே 512 எம்.பி. கார்டு ஒன்றையும் கொடுத்தது. நடுத்தரமான தரத்தில் நூறு பாட்டுக்கு மேல் அதில் அடங்கும். போனை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கவும் வழி செய்திருந்தார்கள். நோக்கியா கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 2007-ல் அது அறிமுகப்படுத்திய 5310 எக்ஸ்பிரஸ் மியூசிக் மெலிந்த உடல்வாகு கொண்டது. பாட்டை நிறுத்த, முன்னே தள்ள, பின்னே இழுக்க என்று பக்கவாட்டில் மூன்று பொத்தான்கள். திரையைப் பார்க்காமலே, சட்டைப் பையில் கையை விட்டுப் பாட்டை மாற்றிவிடலாம். கல்லூரி மாணவர்கள் அதன்மீது ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

நூறு பாட்டுக்கு மேல் கூடாது!

ஆனால் இந்தச் சௌகரியத்தோடு கட்டுப்பாடும் கூடவே வந்தது. 2005 செப்டம்பரில் மோட்டரோலா கம்பெனி ஆப்பிளோடு சேர்ந்து ராக்கர் என்ற போனை வெளியிட்டது. அதில் நூறு பாட்டுக்கு மேல் ஏறாது. கார்டில் இடம் காலியாக இருந்தாலும் ஏறாது! இடப் பற்றாக்குறையால் வந்த தடை அல்ல அது. வேண்டுமென்றே போட்ட வேலி. அதே மேடையில், அதே நாளில், ஆப்பிள் கம்பெனி ஆயிரம் பாட்டு வரை கொள்ளும் ஐபாட் நானோவையும் காட்டியது. எது சொந்தப் பிள்ளை, எது மாற்றாந்தாய்ப் பிள்ளை என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ராக்கர் எடுபடவில்லை.

போன் வாங்கியவனுடையது, கார்டும் அவனுடையது, பாட்டும் அவன் காசு கொடுத்து வாங்கியது. ஆனாலும் எத்தனை பாட்டுக் கேட்கலாம் என்று தீர்மானித்தவன் வேறொருவன்.

அங்குசத்துக்கு வழக்கு

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதையும் உண்டு. வாக்மன் போன்களின் அடியில் அந்தக் கம்பெனிக்கே உரிய தனிச் செருகு துளை ஒன்று இருந்தது. சார்ஜரும் அதில்தான், இயர்போனும் அதில்தான். தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரண இயர்போன் அதில் நேராகப் பொருந்தாது. கூட வந்த வயர் அறுந்துபோனால் அதற்கென்றே உள்ள வயரைத் தேடவேண்டும். கார்டும் அப்படியே, மற்றப் போன்களுக்கு ஒரு வகை, இதற்கு ஒரு வகை.

நோக்கியா 5310 எல்லோருக்கும் பொதுவான 3.5 மில்லிமீட்டர் துளையோடு வந்தது. ஆகவே எந்த இயர்போனும் அதில் பாடியது. ஆனால் காலம் திரும்பிவிட்டது. 2016-ல் ஆப்பிள் தன் ஐபோன் 7-ல் அந்தத் துளையையே எடுத்துவிட்டது. விலையுயர்ந்த போன்கள் பல அதே வழியில் நடந்தன. இப்போது கம்பியில்லா இயர்போன் வாங்கவேண்டும். அதற்கும் சார்ஜ் ஏற்றவேண்டும். அதனுள் இருக்கும் சின்னஞ்சிறு பாட்டரி சில வருஷங்களில் தளர்ந்துவிட்டால் பெரும்பாலும் மாற்ற வழியில்லை, இயர்போனையே மாற்றவேண்டும். வயர் அறுந்தால் முன்பு நூறு ரூபாயில் முடிந்த காரியம் இன்று ஆயிரத்தைத் தொடுகிறது.

பூட்டுப் போட்ட பாட்டு

2008-ல் நோக்கியா பிரிட்டனில் ஒரு திட்டம் தொடங்கியது. போன் வாங்கினால் ஒரு வருஷத்துக்கு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வருஷம் முடிந்த பிறகும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் பூட்டு இருந்தது. பதிவு செய்த போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் அது பாடும். நண்பனுக்குக் கொடுத்தால் ஊமையாகிவிடும். 2011 தொடக்கத்தில் பெரும்பாலான நாடுகளில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

நம் ஊர்களில் வேறு கதை நடந்தது. செல்போன் கடைக்குப் போய்க் கார்டை நீட்டினால் போதும். இளையராஜா, ரஹ்மான், எம்.எஸ். விஸ்வநாதன், பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல் என்று தனித்தனியாகப் பிரித்து, சில ரூபாய்க்கு நூற்றுக்கணக்கில் நிரப்பிக் கொடுத்தார்கள். பூட்டும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் பாடியவருக்கோ, இசையமைத்தவருக்கோ, எழுதியவருக்கோ ஒரு காசும் போகவில்லை. கேட்டவனுக்கு லாபம், கலைஞனுக்கு நஷ்டம் என்ற அந்த வியாபாரமும் நியாயமானது அல்ல.

இனி வாடகைதான்

பாட்டுப் போன் என்ற தனி ஜாதி மெல்ல மறைந்தது. எல்லாப் போனும் பாடும்போது, பாடுவதற்கென்று ஒரு போன் எதற்கு? 2016-ல் ஜியோ வந்தது, இன்டர்நெட் மலிவாயிற்று. 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்குள் நுழைந்தது. கார்டில் பாட்டை ஏற்றுவதை விட்டு, கேட்கும் நேரத்தில் வரவழைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. 2022-ல் ஐபாடும் விடைபெற்றது.

இதில் நன்மை உண்டு. கலைஞருக்குப் பங்கு போக ஒரு சட்டப்படியான வழி பிறந்தது. கிடைக்காத பழைய பாட்டும் கிடைக்கிறது. ஆனால் பாட்டு இப்போது வாடகை வீட்டைப் போன்றது. சந்தா நின்றால் இறக்கி வைத்த பாட்டும் திறக்காது. கம்பெனிகளுக்குள் உரிமைத் தகராறு வந்தால் நேற்றுவரை இருந்த பாட்டு இன்று பட்டியலில் இருக்காது. கடையே மூடப்படுவதும் உண்டு. தன் விங்க் மியூசிக் செயலியை மூடப்போவதாக 2024 ஆகஸ்டில் ஏர்டெல் அறிவித்தது. இத்தகைய செயலிகளில் ஒருவர் பல வருஷங்களாகப் பொறுக்கிச் சேர்த்த பட்டியல், கடையோடு சேர்ந்தே போய்விடக்கூடும்.

காதுக்கும் ஒரு கணக்கு

பாட்டுக்கு உரிமையாளர் யாராக இருந்தாலும், காது கேட்பவனுடையதுதான். அளவுக்கு மீறிய சத்தத்தில் கேட்பதால் 12 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் 100 கோடிப் பேருக்கு மேல் செவித்திறன் இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது வகுத்த கணக்கு, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையவேண்டும். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

பஸ்ஸின் இரைச்சலை அமுக்குவதற்காகப் பாட்டைக் கூட்டுகிறவர்கள் இந்த எல்லையைத் தெரியாமலே தாண்டிவிடுகிறார்கள். இயர்போனே இல்லாமல் ஸ்பீக்கரில் அலறவிடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒருவர் ஆசைக்கு ஐம்பது பிரயாணிகளின் காது கப்பம் கட்டுகிறது. பாதிக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு அறுபது பங்குக்குள் சத்தத்தை வைத்துக்கொள்வது நல்லது என்பது நிபுணர்களின் யோசனை.

எதைப் பார்த்து வாங்குவது?

பாட்டுக்கென்றே போன் வேண்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்து, நோக்கியா 5310 என்ற பழைய பெயர் 2020-ல் புது உருவத்தில் திரும்பி வந்தது. அதில் 32 ஜி.பி. வரை கார்டு போடலாம். ஆறாயிரம் பாட்டு தாராளமாகக் கொள்ளும். இன்டர்நெட் வேண்டாம், சந்தா வேண்டாம். வயதானவர்களுக்கும், டவர் எட்டாத ஊர்க்காரர்களுக்கும் இத்தகைய பட்டன் போன்கள் பெரிய துணை.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் ஸ்பீக்கர் எவ்வளவு உரக்கப் பாடுகிறது என்பதை மட்டும் பார்ப்பது போதாது. கார்டு போட இடம் இருக்கிறதா? சாதாரண இயர்போன் செருகலாமா? பாட்டரியை மாற்ற முடியுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்ற பதில் வந்தால், அந்தப் போன் அடுத்த வருஷமும் பாடும். மனத்துக்கு மிக நெருங்கிய ஐம்பது, நூறு பாட்டுகளை மட்டுமாவது காசு கொடுத்துப் பூட்டில்லாத வடிவில் வாங்கி, தனியாக ஒரு கார்டில் சேமித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மற்றவை வாடகைக்கு இருந்தால் பாதகமில்லை.

பல வீடுகளில் பீரோ அடித்தட்டில் பழைய பாட்டுப் போன் ஒன்று இன்னும் கிடக்கிறது. தகப்பனார் ஆசையாக ஏற்றி வைத்த பாட்டுகள் அதன் கார்டுக்குள் இருக்கலாம். சார்ஜர் கிடைத்தால் அது பாடினாலும் பாடும். இன்று அவர் மகன் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுகளோ, இருபது வருஷம் கழித்து எந்த பீரோவிலும் இருக்கப்போவதில்லை.