படைத்துறைப் பொருளும் பட்டறைத் தமிழும்

படைத்துறைக்குப் புதுக்கருவி ஆக்கும் சிறுதொழிலார்க்கு ஆய்வுப்பொருள் நல்க, நடுவணரசு 2018 ஏப்பிரலில் 'ஐடெக்சு' திட்டத்தைத் தொடங்கிற்று. ஒன்றரைக் கோடி உருபா வரை நல்கை உண்டு. 2024-இல் வந்த 'அதிதி'த் திட்டம் அதனை 25 கோடிவரை உயர்த்திற்று. நோக்கம் நன்றே. படைக்கலத்திற்கு அயலாரை நம்பும் நாடு தன்காலில் நிற்றல் வேண்டும்.

ஆயின், அப்பொருள் எவர் கைக்கு எட்டும்? தனியாளும் கேட்கலாமாம், ஆனால் படைத்துறையின் தேவைகளோ ஆங்கிலத்தில் வெளியாகின்றன. ஆளில்லாமல் ஓடும் படகுகளும் இத்திட்டத்தில் கேட்கப்பட்டவையே. பாக்குக் கடலின் நீரோட்டமும் சேறும் தெரிந்த திருப்பாலைக்குடிப் படகுத் தச்சர் அவ் வழைப்பைப் படிப்பது எங்ஙனம்? கைத்திறன் உண்டு, கருத்தும் உண்டு, வேற்றுமொழியே வாயிலை அடைக்கிறது. தமிழகப் படைத்துறைத் தொழில்தடத்தின் முனைகளோ சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தே. முகவைக் கடற்கரைக்கு அங்கும் இடமில்லை.

அதே முகவை மாவட்டத்து உச்சிப்புளியில் உள்ள கடற்படை வானூர்தித் தளத்திற்குப் 'பருந்து' எனத் தமிழ்ப்பெயர் சூட்டியுள்ளனர். பெயருக்குத் தமிழ், பொருளுக்கு ஆங்கிலமோ?

அழைப்பும் வேண்டுகை மடலும் நேர்காணலும் தமிழில் அமைதல் வேண்டும். தமிழக அரசு இதனைக் கேட்டுப் பெறுக! பட்டறையில் வாழும் தமிழ், பொருள் வழங்கும் அவையிலும் ஏறுக!