கணக்கும் பிரதிநிதியின் வேலையே

பல்கலைக்கழக ஊழியர் பிரதிநிதிகள் விடுப்பு மனுக்களையும் தனிநபர் குறைகளையும் நிர்வாகத்திடம் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஓய்வூதியக் கணக்கை வல்லுநர்களிடம் விட்டுவிட வேண்டும் என்னும் வாதம், பிரிட்டனின் அண்மை அனுபவத்தின் முன் நிற்காது. அங்கே யூ.எஸ்.எஸ். எனப்படும் பல்கலைக்கழக ஓய்வூதியத் திட்டத்தில், பணிபுரியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தின் 75இல் ஒரு பங்கு ஆண்டு ஓய்வூதியமாகச் சேர்ந்துவந்தது. திட்டத்தின் சொத்துகளை எதிர்காலக் கடப்பாடுகளோடு ஒப்பிடும் மதிப்பீடு, பெருந்தொற்றால் பங்குச் சந்தைகள் சரிந்துகிடந்த 2020 மார்ச் இறுதியை அளவுநாளாகக் கொண்டு பெரும் பற்றாக்குறையைக் காட்ட, அதைக் காரணமாக்கி 2022 ஏப்ரலில் அந்தப் பங்கு 85இல் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. 34,000 பவுண்டு சம்பளக்காரருக்கு ஓராண்டுப் பணி ஈட்டித்தந்த ஓய்வூதியம் ஏறத்தாழ 453 பவுண்டிலிருந்து 400 பவுண்டாகச் சுருங்கியது. அந்த அளவுநாளையும் அனுமானங்களையும் விடாமல் கேள்விக்குள்ளாக்கியது யூ.சி.யூ. தொழிற்சங்கம். பின்னர் உபரி தோன்றியதற்கு வட்டி உயர்வே பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பயன்களை மீட்பதற்கே முன்னுரிமை என்ற உடன்பாடு வேலைநிறுத்தங்களுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் பிறகே கிடைத்தது, 2024 ஏப்ரலில் பழைய விகிதமும் திரும்பியது. மனுக்களை மட்டும் சுமக்கும் பிரதிநிதிகளால் அந்த உடன்பாட்டை எட்டியிருக்க முடியாது.